ஜப்பானிய மொழித் தேர்வுக்கு நாவல் ஒலிநூல்: தமிழ் மாணவர் எப்படிப் பயன்படுத்தலாம்?



என்னிடம் எஸ்.பி.எம். தமிழ் படித்த மாணவி ஒருத்தி இப்போது பாயான் லெப்பாஸில் வேலை செய்கிறாள். பட்டர்வொர்த்தில் வீடு. தினமும் பேருந்தில் பாலம் தாண்டிப் போய் வருகிறாள். வேலையில் முன்னேற உதவும் என்று ஜப்பானிய மொழி படித்து, திறன் தேர்வில் என்4 நிலை எழுதினாள். முடிவு வந்த அன்று எனக்குப் போன் செய்தாள்.

“டீச்சர், மொத்தம் 97 மார்க். பாஸ் மார்க் 90தான். ஆனா ஃபெயில்னு போட்டிருக்கு. எப்படி டீச்சர்?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. நானும் மாலை வகுப்பில் ஜப்பானிய மொழி படித்து வருவதால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. இத்தேர்வை எழுத நினைக்கும் நம் மாணவர்கள் பலருக்கு அது தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

தேர்வின் அமைப்பு

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள். என்5 எளிது, என்1 கடினம். ஜூலை, டிசம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும். பினாங்கிலும் எழுதலாம். பேச்சுத் தேர்வோ கட்டுரைத் தேர்வோ இதில் கிடையாது.

என்4 நிலையில் மொத்தப் புள்ளி 180, தேர்ச்சிக்கு 90. ஆனால் அது மட்டும் போதாது. சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38 வேண்டும். கேட்டல் பகுதியில் 60க்கு 19 வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் மொத்தப் புள்ளி எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். என் மாணவி கேட்டலில் எடுத்தது 17. இரண்டு புள்ளியில் போய்விட்டது.

கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். “இன்னொரு தரம் போடுங்க” என்று கேட்க முடியாது. நம் மாணவர்கள் மனனம் செய்வதில் கெட்டிக்காரர்கள். கஞ்சி எழுத்துகளை அட்டையில் எழுதி வைத்து நூற்றுக்கணக்கில் படித்துவிடுவார்கள். ஆனால் கண் படித்ததைக் காது அடையாளம் காணாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஒலிநூல்.

தமிழ் மாணவருக்கு உள்ள முதல்

நாம் வெறுங்கையோடு தொடங்கவில்லை. ஜப்பானிய வாக்கியத்திலும் வினைமுற்று கடைசியில்தான் வரும். வேற்றுமை உருபு போன்ற சொற்கள் பெயருக்குப் பின்னால் வரும். ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பது அங்கே ‘கினோ கத்தா ஹொன்’. மூன்று சொல்லும் அதே வரிசையில் நிற்கின்றன.

துணைவினைகளைப் பாருங்கள். ‘சாப்பிட்டுப் பார்’ என்பதற்கு ‘தாபெதே மிரு’. ‘மிரு’ என்றால் பார். ‘மறந்துவிட்டேன்’ என்பதற்கு ‘வசுரெதே ஷிமத்தா’. ‘என்று சொன்னார்’ என்பதில் வரும் ‘என்று’ போல அங்கே ஒரு ‘தோ’ இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் உள்ள இரட்டைக்கிளவி போன்ற சொற்களும் அங்கே ஏராளம். ஓடை நீர் நமக்குச் சலசல, அவர்களுக்கு ‘சரசர’.

இந்த ஒற்றுமைகளை வைத்து ஓனோ சுசுமு (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் இரு மொழிக்கும் உறவு உண்டு என்று எழுதினார். மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, கேட்கும்போது ஒரு லாபம் உண்டு. ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் வாக்கியத்தை மனத்துக்குள் திருப்பிப் போட வேண்டும். நாம் வருகிற வரிசையிலேயே புரிந்துகொண்டு போகலாம். நீளமான நாவல் வாக்கியத்தில் இது பெரிய உதவி.

நம் காது தடுமாறும் இடம்

குறில் நெடில் நமக்குப் பழக்கம். அதனால் ‘ஒபசான்’ (அத்தை), ‘ஒபாசான்’ (பாட்டி) வேறுபாட்டை எளிதில் பிடித்துவிடுவோம். ‘படு’, ‘பட்டு’ என்று பழகியதால் ஒற்று இரட்டிப்பதும் காதில் விழும்.

சிக்கல் வேறிடத்தில். தமிழ் எழுத்தில் ‘க’ ஒன்றுதான். ‘காகம்’ என்பதில் முதல் ககரத்தையும் அடுத்ததையும் வேறுவிதமாக ஒலித்தாலும் ஒரே எழுத்தாகவே எழுதுகிறோம். ஜப்பானிய மொழியில் அந்த வேறுபாடு பொருளையே மாற்றிவிடும். ‘கின்’ என்பதை ‘கல்’லில் வரும் ககரம்போல வல்லோசையாகச் சொன்னால் தங்கம். ‘தங்கம்’ என்ற சொல்லில் வரும் ககரம்போல மெல்லச் சொன்னால் வெள்ளி. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கின்’தான். ஆகவே மாணவர்களே, ஜப்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துப் படிக்காதீர்கள். நான் இங்கே அப்படி எழுதியிருப்பது வாசிக்கும் வசதிக்காக மட்டுமே. ஹிரகானாவை முதலில் பழகுங்கள். ஒலியைக் காதால் வாங்குங்கள்.

இன்னொன்று குரலின் ஏற்ற இறக்கம். ‘ஹஷி’ என்றால் சாப்பிடும் குச்சி, பாலம் இரண்டும்தான். தோக்கியோ உச்சரிப்பில் முதல் அசை உயர்ந்தால் குச்சி, இரண்டாவது உயர்ந்தால் பாலம். இதை எந்தச் சொல்லட்டையும் சொல்லித் தராது. நல்ல வாசிப்பாளரின் குரல் சொல்லித் தரும்.

எதைக் கேட்பது?

லிப்ரிவாக்ஸ் என்ற தளம் 2005இல் தொடங்கியது. உரிமைக்காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து இலவசமாகத் தருகிறார்கள். ஜப்பானிய வாசிப்புகளும் அங்கே உண்டு. மூலப் பாடத்துக்கு 1997இல் தொடங்கிய அவோசோரா புன்கோ என்ற இலவச மின்னூலகம் இருக்கிறது. ஜப்பானில் 1967க்குள் மறைந்த எழுத்தாளர்களின் படைப்புகள் பொதுவுடைமை ஆகிவிட்டன. அதனால் பல பழைய நாவல்களுக்கு ஒலியும் எழுத்தும் செலவில்லாமல் கிடைக்கும். இரண்டும் சேர்ந்து கிடைப்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். எழுத்து இல்லாத ஒலிநூல் தொடக்க மாணவருக்கு வெறும் இரைச்சல்.

என்5, என்4 மாணவர்கள் நாவலில் இறங்க வேண்டாம். நிலைவாரியாக எளிமைப்படுத்திய கதைகள் ஒலியோடு கிடைக்கின்றன. அதில் தொடங்குங்கள். அதன்பின் சிறுவர் கதை. நீமி நான்கிச்சி 1932இல் வெளியிட்ட ‘கோன் கித்சுனே’ நல்ல தேர்வு. தான் செய்த குறும்புக்கு வருந்தி, மறைந்திருந்து உதவி செய்யும் குட்டி நரியின் கதை. ஜப்பானிய ஆரம்பப்பள்ளி நான்காம் ஆண்டுப் பாடநூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ளது.

என்3 தாண்டியவர்களுக்கு நட்சுமே சோசெகி 1906இல் எழுதிய ‘போச்சான்’. தோக்கியோவிலிருந்து சிற்றூர்ப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போகும் இளைஞன் தானே சொல்லும் கதை. ஆசிரியர் அறை அரசியலெல்லாம் வரும். நம்மவர்களுக்கு ரொம்ப ஒட்டும். 11 அத்தியாயம்தான். வட்டார வழக்கு நிறைய வரும். அதைப் புரிந்துகொண்டால் போதும், பின்பற்ற வேண்டாம்.

எப்படிக் கேட்பது?

என் மாணவிக்கு நான் சொன்ன முறை இது. ஒரு நாளைக்கு மூன்று நிமிடப் பகுதி மட்டும்.

முதலில் கதைச்சுருக்கத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ படித்துவிடுங்கள். கதை தெரிந்தால் சுவை போய்விடுமே என்று கவலைப்பட வேண்டாம். நாம் படிப்பது மொழிக்காக.

அடுத்து, எழுத்தைப் பார்க்காமல் ஒரு முறை கேளுங்கள். யார், எங்கே, என்ன நடந்தது என்று மூன்றே வரி எழுதுங்கள். தேர்வு கேட்பதும் இதைத்தான்.

பிறகு எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். தெரிந்த சொல்லாக இருந்தும் காதில் விழாமல் போனவற்றுக்கு அடிக்கோடிடுங்கள். மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தெரியாத சொற்களில் ஐந்துக்கு மட்டும் அகராதி பாருங்கள். எல்லாவற்றையும் தேடினால் மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள்.

கடைசியில் எழுத்தை மூடிவிட்டு, வாசிப்பவரை ஒட்டியே வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுநாள் பேருந்திலோ ஃபெரியிலோ பழைய பகுதியை மட்டும் கேளுங்கள். முதல் வாரம் வேகத்தைக் குறைக்கலாம். தேர்வுக்கு முன் சாதாரண வேகத்துக்கு வந்தாக வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. நாவலின் மொழியும் பேச்சு மொழியும் ஒன்றல்ல. தமிழில் ‘வந்துகொண்டிருக்கிறான்’ என்று எழுதி ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்று பேசுகிறோமே, அதுபோன்ற இடைவெளி அங்கேயும் உண்டு. கேட்டல் தேர்வில் கடை, அலுவலகம், வீடு என்று உரையாடல்கள்தான் அதிகம். ஆகவே தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பழைய மாதிரித் தேர்வுகளுக்கு மாறிவிடுங்கள். ஒலிநூல் காதைத் தயார் செய்யும், தேர்வுப் பயிற்சிக்கு அது ஈடாகாது.

நம் வகுப்பறைக்கும் ஒரு பாடம்

இந்த முறையை என் தமிழ் இலக்கிய வகுப்பிலும் செய்து பார்த்தேன். பாட நாவலின் முதல் அத்தியாயத்தை வகுப்பில் நானே நிறுத்தி நிதானமாக வாசித்தேன். மாணவர்கள் முதலில் புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டார்கள், பிறகு திறந்து கேட்டார்கள். புணர்ச்சியால் நீண்டுபோன சொற்களைக் கண்டு மிரண்ட இரண்டு மாணவர்கள், “கேட்டா புரியுது டீச்சர், பார்த்தாதான் புரியல” என்றார்கள். அதுவரை அவர்களுக்குத் தமிழ் வராது என்று நினைத்திருந்தேன். வராதது வாசிப்பு வேகம் மட்டும்தான். ஜப்பானிய மாணவியின் சிக்கலும் இவர்களுடையதும் ஒன்றே. அவளுக்குக் கண் முந்தியது, இவர்களுக்குக் காது முந்தியது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வைப்பதுதான் ஆசிரியரின் வேலை.

அந்த மாணவி அடுத்த டிசம்பரில் மறுபடி எழுதினாள். கேட்டலில் 19ஐத் தாண்டித் தேர்ச்சி பெற்றாள். இப்போது ‘போச்சான்’ இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறாள். பாலம் தாண்டும் நேரத்தில் ஒரு பகுதி முடிந்துவிடுகிறதாம்.

முயன்று பாருங்கள். உங்கள் மாணவர் யாராவது ஜப்பானிய மொழி படித்தால் இந்தக் கட்டுரையை அவர் கையில் கொடுங்கள்.