வீட்டு அறைக்குள் குங்குமப்பூ: 'க்ரோ லைட்' பொருத்துவதற்கு முன் மின்பாதுகாப்பில் கவனிக்க வேண்டியவை என்ன?

புதுடெல்லி: காஷ்மீரின் பாம்போர் வயல்களுக்கே உரியது என்று கருதப்பட்ட குங்குமப்பூ, இன்று ஹரியானா, உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரா உள்ளிட்ட மாநிலங்களில் வீட்டு மாடி அறைகளிலும் மலர்ந்து வருகிறது. மண்ணின்றித் தட்டுகளில் அடுக்கப்பட்ட கிழங்குகள், குளிரூட்டி, ஈரப்பதமூட்டி, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்து ஒளிரும் 'க்ரோ லைட்' எனப்படும் தாவர வளர்ப்பு விளக்குகள் ஆகியவையே இந்த அறைகளின் அடையாளம். கிழங்கின் விலை, விளைச்சல், வருமானம் ஆகியவை பற்றிப் பேசுவோர் ஏராளம். ஆனால் அந்த அறைக்கான மின்சாரம் எந்தக் கம்பியின் வழியே, எந்தப் பாதுகாப்போடு வருகிறது என்ற கேள்வியை எழுப்புவோர் மிகச் சிலரே.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளின்படி, நாட்டில் மின்சாரம் தாக்கி உயிரிழப்போரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. ஈரமும் உலோகமும் நீண்டநேர மின்பளுவும் ஒரே அறையில் கூடும்போது ஆபத்து இயல்பாகவே அதிகரிக்கிறது. அதிலும் அந்த அறைக்கு அடுத்த அறையில்தான் குடும்பத்தினர் உறங்குகின்றனர்.

கீசர் வேறு, வளர்ப்பு விளக்கு வேறு

"2,000 வாட் கீசரையே தாங்கும் வீட்டு வயரிங், 1,200 வாட் விளக்குகளைத் தாங்காதா?" என்பது பொதுவாக எழும் ஐயம். இதற்கான விடை வாட் அளவில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. கீசர் கால் மணி நேரம் இயங்கி நின்றுவிடும். சூடேறத் தொடங்கும் கம்பி, அதற்குள் மீண்டும் ஆறிவிடும்.

குங்குமப்பூ மலரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், கிழங்கு தன்னுள் சேமித்து வைத்த உணவைக் கொண்டே பூக்கிறது. அப்போது அதற்கு மிகுந்த ஒளி தேவைப்படுவதில்லை. பூக்களைப் பறித்த பிறகு இலைகள் தழைத்து, அடுத்த ஆண்டுக்கான சேய்க்கிழங்குகள் பருக்கும் குளிர்கால மாதங்களில்தான் ஒளியின் தேவை பெருகுகிறது. காஷ்மீரில் அறைக்குள் பூக்க வைக்கும் விவசாயிகள், அதன்பின் கிழங்குகளை வயலில் நட்டுவிட முடியும். சமவெளி நகரங்களில் மாடி அறையை நம்பியிருப்போருக்கு அந்த வசதி இல்லை. எனவே விளக்குகள் நாள்தோறும் 10 முதல் 12 மணி நேரம் வரை, மாதக்கணக்கில் எரிய வேண்டியுள்ளது. கீரை முளைகள், மூலிகைகள், ஆர்க்கிட் போன்றவற்றை அறைக்குள் வளர்ப்போரின் நிலையும் இதுவே.

ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம். இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். வாட் அளவை 230-ஆல் வகுத்தால் ஏறத்தாழ எத்தனை ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது என்பது தெரியும். தலா 150 வாட் உண்மையான மின்நுகர்வு கொண்ட எட்டு எல்இடி விளக்குகள் 1,200 வாட், அதாவது சுமார் 5.2 ஆம்பியர். ஒன்றரை டன் குளிரூட்டி 1,600 வாட் எனக் கொண்டால் 7 ஆம்பியர். ஈரப்பதமூட்டி, மின்விசிறிகள், பம்ப் ஆகியவை சேர்ந்து 300 வாட், சுமார் 1.3 ஆம்பியர். மொத்தம் 13.5 ஆம்பியர்.

இந்திய வீடுகளில் விளக்கு, மின்விசிறி, 6 ஆம்பியர் பிளக் ஆகியவற்றுக்கான ஒரு மின்சுற்று, நெடுங்காலமாக 800 வாட் அல்லது 10 இணைப்புப் புள்ளிகள் என்ற வரம்புக்குள்ளேயே வடிவமைக்கப்பட்டு வந்துள்ளது. 16 ஆம்பியர் பவர் பிளக்கிற்கான மின்சுற்று 3,000 வாட் வரை ஏற்கும். எட்டு விளக்குகளையும் சுவரில் கைக்கு எட்டும் 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால், குளிரூட்டியைச் சேர்க்காமலேயே அந்தச் சுற்றின் வரம்பு மீறப்படுகிறது.

விளக்கின் பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. '1000 வாட்' என்று விற்கப்படும் மலிவான எல்இடி பலகைகள் பலவற்றின் உண்மையான மின்நுகர்வு 100 முதல் 200 வாட் அளவிலேயே இருக்கும். பழைய வகை விளக்கு ஒன்றுக்கு ஈடானது என்ற விளம்பரக் கணக்கே அந்தப் பெரிய எண். சோடியம் ஆவி விளக்குகளின் கதை இதற்கு நேர்மாறானது. 600 வாட் விளக்குடன் இணைந்த பேலஸ்ட்டும் தன் பங்குக்குச் சுமார் பத்து விழுக்காடு மின்சாரத்தைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். ஆகவே விளக்கின் பின்புறத் தகட்டிலோ டிரைவரிலோ குறிக்கப்பட்டுள்ள உள்ளீட்டு வாட், ஆம்பியர் அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். பிளக்கில் செருகி அளக்கும் சிறிய வாட் மீட்டர் இருந்தால் இந்த ஐயம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

எம்சிபி இருந்தால் போதுமா?

எம்சிபி எனப்படும் தானியங்கி மின்துண்டிப்பானின் முதன்மைப் பணி, சுவருக்குள் இருக்கும் கம்பியைக் காப்பது. மனிதரைக் காக்கும் கருவி அதுவன்று. 16 ஆம்பியர் எம்சிபி, 16-ஐத் தாண்டிய உடனே விழுந்துவிடும் என்பதும் தவறான எண்ணம். அதன் தர விதிப்படி, குறிக்கப்பட்ட அளவைவிட 13 விழுக்காடு கூடுதலான மின்னோட்டத்தில், அதாவது சுமார் 18 ஆம்பியரில், ஒரு மணி நேரம் வரை அது விழக்கூடாது. 45 விழுக்காடு கூடுதலான சுமார் 23 ஆம்பியரில்தான், ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும்.

எம்சிபி அடிக்கடி விழுகிறது என்றால், அது தன் கடமையைச் செய்கிறது என்று பொருள். அதைக் கழற்றிவிட்டுப் பெரிய எம்சிபியை மாட்டிச் செல்வது சில எலக்ட்ரீஷியன்களின் வழக்கம். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பிக்கு 10 ஆம்பியர் எம்சிபி இருந்த இடத்தில் 32 ஆம்பியர் எம்சிபியைப் பொருத்தினால், அதன்பின் சுவருக்குள் உள்ள கம்பியே ஃபியூஸாக மாறிவிடுகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் உண்டாகும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பாடத்தில் படித்த விதிதான்.

எம்சிபியால் கண்டறியவே முடியாத மற்றோர் ஆபத்து, தளர்ந்த இணைப்பு. பிளக்கின் முள் சரியாகப் பொருந்தாமலோ, திருகு இறுகாமலோ இருந்தால் அந்த இடத்தில் மின்தடை உயர்கிறது. அரை ஓம் தடையுள்ள ஓர் இணைப்பின் வழியே 10 ஆம்பியர் பாய்ந்தால், அந்த ஒரு புள்ளியில் 50 வாட் வெப்பம் உண்டாகும். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட் மட்டுமே என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். மின்னோட்டம் வரம்புக்குள் இருப்பதால் எம்சிபி அசையாது. பிளக் மட்டும் மெல்ல உருகிக்கொண்டிருக்கும். விளக்குகளை அணைத்தவுடன் பிளக்கைத் தொட்டுப் பார்க்கையில் சூடாக இருப்பது, பழுப்பேறிய நிறம், மீன் வாடை போன்ற நெடி ஆகியவை இதன் அறிகுறிகள்.

எக்ஸ்டென்ஷன் பெட்டிகளின் குறைபாடும் இதனோடு தொடர்புடையதே. அவற்றின் மெல்லிய வயர், மலிவான தொடுமுனைகள் ஆகியவை 12 மணி நேரத் தொடர் பளுவுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. வயரைச் சுருட்டிக் கட்டி வைத்தால் வெப்பம் வெளியேற வழியின்றி உறை இளகும். வளர்ப்பு அறைக்கு மீட்டர் பலகையிலிருந்து தனி மின்சுற்று இழுப்பதே முறையானது. விளக்குகளுக்கு ஒன்று, குளிரூட்டிக்கு ஒன்று எனப் பிரிப்பதே சிறந்தது. பவர் பிளக்கிற்கு 2.5 சதுர மில்லிமீட்டர், குளிரூட்டிக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி என்பது பரவலான நடைமுறை. தூரமும் பளுவும் கூடினால் கம்பியின் பருமனும் கூட வேண்டும்.

ஈர அறையில் ஆர்சிசிபி

நேரம் செலவிட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய கருவி ஒன்று உண்டென்றால் அது ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் துண்டிப்பான்தான். ஃபேஸ் வழியே சென்ற மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதாவது அந்த அளவு மின்சாரம் மனித உடல் வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ வேறு பாதையில் கசிந்தால், நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் என்பது எம்சிபியின் பார்வைக்கே வராத சிறிய அளவு. ஆனால் தசைகளை இறுக்கி, பிடித்த பொருளை விடமுடியாமல் செய்யப் போதுமானது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் மின்கசிவுப் பாதுகாப்பை வலியுறுத்துகின்றன.

வளர்ப்பு அறைகளில் இந்தக் கருவிக்கு ஒரு தனிச்சிக்கல் எழுகிறது. எல்இடி டிரைவர்களின் உள்ளே இருக்கும் வடிகட்டிகள், பழுது எதுவும் இல்லாமலேயே மிகச் சிறிதளவு மின்சாரத்தை எர்த் கம்பிக்கு அனுப்பும். ஒரு விளக்கில் இது பொருட்டன்று. பத்துப் பதினைந்து டிரைவர்கள், குளிரூட்டி, பம்ப் ஆகியவற்றின் கசிவுகள் ஒன்றுசேரும்போது ஆர்சிசிபி காரணமின்றி விழுவதுபோல் தோன்றும். 30 மில்லி ஆம்பியர் கருவி 15-க்கு மேல் எந்த அளவிலும் விழலாம் என்று தர விதியே அனுமதிக்கிறது. நள்ளிரவில் மின்சாரம் நின்று, குளிரூட்டி ஓயும். லட்சக்கணக்கில் முதலீடு செய்த கிழங்குகள் கெட்டுவிடுமோ என்ற அச்சம் பிறக்கும். "இந்தக் கருவியையே எடுத்துவிடுங்கள்" என்று உரிமையாளர் சொல்வதும் எலக்ட்ரீஷியன் நேரடி இணைப்புக் கொடுப்பதும் இந்தக் கட்டத்தில்தான். இது மிகத் தவறான முடிவு. விளக்குகளை இரண்டு மூன்று பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி ஆர்சிசிபி பொருத்துவதே சரியான தீர்வு. அதன் பிறகும் ஒரு பிரிவு விழுந்துகொண்டே இருந்தால், அங்கு உண்மையான கசிவு இருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

ஆர்சிசிபியின் முகப்பில் உள்ள 'T' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத கருவி இருந்தும் இல்லாததே.

எர்த் இணைப்பு இல்லாத பழைய வீடுகளில், பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துச் சமாளிக்கும் வழக்கமும் காணப்படுகிறது. வெளியே எங்கோ நியூட்ரல் அறுந்தால், விளக்கின் உலோகச் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறி நிற்கும். மூன்று முள் பிளக்கின் பெரிய முள்ளை வெட்டிவிட்டு இரு முள் சாக்கெட்டில் செருகுவதும் உயிரோடு விளையாடுவதற்குச் சமம்.

தண்ணீரில் உரச்சத்துகள் கரைந்திருந்தால் அது குடிநீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். விளக்கில் 'ஐபி65' என்று இருந்தாலும், அந்தப் பாதுகாப்பு அதன் உடலுக்குத்தான். வயர் இணையும் இடத்துக்கும் பிளக்கிற்கும் அது பொருந்தும் என்று கருதிவிடக் கூடாது. சாக்கெட்டுகளைத் தண்ணீர்த் தொட்டியின் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். வயர் சாக்கெட்டுக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி மேலேறும்படி விட்டால், அதன் வழியே வழியும் நீர்த்துளி கீழேயே சொட்டிவிடும்.

மின்னழுத்தம், டைமர், தெர்மோகோல்

மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டமும் குறையும் என்பது எல்இடி டிரைவர்களுக்குப் பொருந்தாது. விளக்கின் ஒளியைச் சீராக வைக்க அவை கூடுதல் ஆம்பியரை இழுக்கும். 230 வோல்ட்டில் 10.4 ஆம்பியர் எடுக்கும் 2,400 வாட் அமைப்பு, 180 வோல்ட்டில் 13 ஆம்பியருக்கு மேல் எடுக்கக்கூடும். மின்னழுத்தம் தாழும் பகுதிகளில் இதற்கும் இடம்விட்டே கணக்கிட வேண்டும்.

பல விளக்குகளை ஒரே டைமரில் இணைக்கும்போது, இயக்கும் கணத்தில் பாயும் பெரும் மின்னோட்டம் டைமரின் தொடுமுனைகளை ஒட்டிவிடச் செய்யலாம். அதன்பின் விளக்குகள் அணையாது. டைமர் ஒரு கான்டாக்டரை இயக்க, கான்டாக்டர் விளக்குகளை இயக்கும் அமைப்பே பெரிய அறைகளுக்கு ஏற்றது.

அறையின் குளிர் வெளியேறாமல் இருக்கச் சுவரெங்கும் தெர்மோகோல் ஒட்டுவோர் உண்டு. எளிதில் தீப்பற்றும் அந்தப் பலகையின் மீதே டிரைவரைப் பொருத்தினால் வெப்பம் வெளியேறவும் வழியிருக்காது. தீ பரவத் தடையும் இருக்காது. டிரைவர்களையும் பேலஸ்ட்டுகளையும் உலோகச் சட்டத்தில், காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு, இயன்றால் அறைக்கு வெளியே பொருத்த வேண்டும்.

வயர், எம்சிபி, பிளக் ஆகியவற்றில் ஐஎஸ்ஐ முத்திரையையும், எல்இடி டிரைவர்களில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 'R' எனத் தொடங்கும் பதிவு எண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். அந்த எண்கள் உண்மையானவையா என்பதை அவ்வமைப்பின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

மின் இணைப்பும் சட்டமும்

1,200 வாட் விளக்குகள் நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால், மாதத்துக்கு 432 யூனிட் அதிலேயே செலவாகிவிடும். அனுமதிக்கப்பட்ட மின்பளு 2 அல்லது 3 கிலோவாட் மட்டுமே உள்ள வீடுகளில், கூடுதல் பளுவுக்கு மின்பகிர்மான நிறுவனத்திடம் விண்ணப்பித்த பிறகே பணியைத் தொடங்குவது நல்லது. வீட்டு உபயோக இணைப்பில் விற்பனைக்காகப் பயிர் வளர்ப்பது எந்தக் கட்டண வகையில் வரும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இருமடங்குக் கட்டணம் விதிக்க முடியும். எனவே எழுத்துப்பூர்வமாகக் கேட்டு அறிந்துகொள்வதே பாதுகாப்பு. வயரிங் பணியை உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் எர்த் தடை, காப்புத் தடை ஆகியவற்றின் அளவீடுகளைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

அறையில் தீயோ புகையோ தெரிந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். ஆகவே மெயின் சுவிட்ச் வளர்ப்பு அறைக்குள் இருக்கக் கூடாது. மின்சாரம் நின்றது உறுதியாகும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. கரியமில வாயு அல்லது உலர்தூள் தீயணைப்பானையே பயன்படுத்த வேண்டும். தீ கட்டுக்கடங்காவிட்டால் கதவைச் சாத்திவிட்டு வெளியேறி, 101 அல்லது 112 எண்ணை அழைக்க வேண்டும். ஒருவர் மின்சாரத்தில் சிக்கியிருந்தால் அவரை வெறுங்கையால் இழுக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே தொட வேண்டும். மூச்சு இல்லையெனில், 108 ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.