டப் வளர்த்த பாட்டு

டிசம்பர் பிறந்தால் அமெரிக்கக் கடைவீதிகளில் ‘புளூ கிறிஸ்துமஸ்’ கேட்கும். பாடுகிறவர் எல்விஸ் பிரஸ்லி. அது ஒரு காலத்தில் எர்னஸ்ட் டப்பின் பாட்டாக இருந்தது என்பது கன்ட்ரி இசைப் பித்தர்களைத் தவிர அதிகம் பேருக்கு நினைவில்லை. (அங்கே நீலம் துக்கத்தின் நிறம். நமக்கோ கண்ணனின் நிறம். தலைப்பைத் தமிழாக்கினால் சோகம் ஓடிவிடும்.)

பில்லி ஹேய்ஸும் ஜே ஜான்சனும் எழுதியது. 1948-ல் டாய் ஓடெல் முதலில் பாடினார். ஊரைக் கேட்கவைத்தது 1949-ல் வந்த டப்பின் இசைத்தட்டு. அதைத் திருப்பிப் போட்டால் ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’! ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் நீலம். ஜனங்கள் ஜூக்பாக்ஸில் காசு போட்டுக் கேட்டது நீலத்தைத்தான். 1950 ஜனவரியில் பில்போர்ட் இதழின் கன்ட்ரி ஜூக்பாக்ஸ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது.

டப் டெக்ஸாஸ்காரர். தன் ஆதர்சமான ஜிம்மி ராட்ஜர்ஸ் மாதிரி குரலை உடைத்து உடைத்து ‘யோடல்’ பாடிக்கொண்டிருந்தவர். 1939-ல் டான்சிலை எடுத்தார்கள். குரல் கனத்துப்போனது, யோடல் போயிற்று. மிஞ்சியது ஏற்ற இறக்கம் அதிகமில்லாத, சுருதியை அங்கங்கே நழுவவிடும் குரல். ஜூக்பாக்ஸ் பக்கத்தில் நிற்கிற எவனும் ‘இவரைவிட நான் நன்றாகப் பாடுவேன்’ என்று காதலியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று அவரே கேலி செய்ததுண்டு. இந்தப் பாட்டில் பண்டிகை நாளில் தனியே உட்கார்ந்திருப்பவனுக்கு அந்தக் குரல்தான் பொருத்தம். அழுது காட்டாது, சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

1957 செப்டம்பரில், எல்விஸ் இதைப் பதிவுசெய்த ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடத்தில் எல்லாம் மாறியது. பின்னணி பாட நாஷ்வில்லிலிருந்து மில்லி கிர்க்ஹாம் வந்திருந்தார். எல்விஸுக்கு இந்தப் பாட்டைப் பாடவே மனமில்லையாம். ஏதாவது கோமாளித்தனம் செய்யுங்கள் என்றாராம். மில்லி பின்னாளில் சொன்னது இது. அவர் வார்த்தையே இல்லாமல் ‘ஊ... ஊ...’ என்று உச்சஸ்தாயியில் வளைத்தார். எல்விஸ் தலையசைக்க, முதலிலிருந்து கடைசிவரை அப்படியே தொடர்ந்தார். இதை எந்தக் கம்பெனி வெளியிடப்போகிறது என்று எல்லோரும் சிரித்தார்களாம். கம்பெனி வெளியிட்டது!

சோகம் அன்றைக்குச் செல்லம் கொஞ்சலானது. குறை சொல்லவில்லை, எனக்கும் அந்த ‘ஊ’ பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு பாட வந்தவர்களில் பலருக்கு மூலமே எல்விஸ்தான். 2008-ல் கன்ட்ரி பாடகி மார்ட்டினா மெக்பிரைட், 1977-ல் மறைந்த எல்விஸோடு இதை ஜோடியாகப் பாடினார். பழைய ஒலிப்பதிவோடு புதுக்குரலை இணைத்தார்கள். வீடியோவில், 1968 தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கறுப்புத் தோலாடையில் உட்கார்ந்து பாடும் எல்விஸின் பக்கத்தில் மார்ட்டினா நிற்கிறார்.

டப்பின் தட்டும் இன்று இணையத்தில் கிடைக்கிறது. எல்விஸைக் கேட்ட கையோடு அதைப் போட்டால் முதலில் ஏமாற்றமாக இருக்கும். இந்த மனிதர் பாடுகிறாரா, பேசுகிறாரா என்று தோன்றும். இரண்டாவது தடவை போட்டபோதுதான் நான் ஒலியைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.