ரொறன்ரோவில் இருந்து மானிப்பாய்க்கு எவ்வளவு தூரம்?

மானிப்பாயில் பல வீடுகளில் ஒரு பிள்ளையாவது கனடாவில். ஆடி மாத விடுமுறை நெருங்கினால் "எத்தனை மணிக்கு வீட்டை வந்து சேருவினம்?" என்ற விசாரணை தொடங்கிவிடும். அந்தக் கேள்விக்குள் நல்லதொரு புவியியற் பாடம் இருக்கிறது.

மானிப்பாய் ஏறத்தாழ 80 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருக்கிறது. ரொறன்ரோ ஏறத்தாழ 80 பாகை மேற்கில். கிட்டத்தட்ட பூமியின் மறுபக்கம். சுவர்ப்படத்தில் பார்த்தால் அத்திலாந்திக்கைக் கடந்து, வட ஆபிரிக்கா வழியாகத் தென்கிழக்கே வருவதுதான் நேர்வழி போலத் தோன்றும். பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கதை வேறு. நூல் வடக்கே ஏறி, கிறீன்லாந்தைத் தாண்டி, ஆர்க்டிக் வட்டத்துக்குள் புகுந்து, ரஷ்யா, மத்திய ஆசியா வழியாக இறங்குகிறது. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்க வரை அந்த நூலின் நீளம் சுமார் 14,000 கிலோமீற்றர்.

நேரடி விமானம் இல்லாததால் பலர் துபாயில் மாறுகிறார்கள். அதனால் கூடும் தூரம் சில நூறு கிலோமீற்றர்தான். பறக்கும் நேரம் இரண்டு கட்டமும் சேர்ந்து பதினேழு, பதினெட்டு மணித்தியாலம். திரும்பும்போது இன்னும் கூடும்: மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று வரும்போது தள்ளிவிடுகிறது, போகும்போது மறிக்கிறது.

உண்மையான அலைச்சல் தரையில் இறங்கிய பிறகுதான். கட்டுநாயக்கவில் இருந்து மானிப்பாய்க்கு அருகிலுள்ள பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் 290 கிலோமீற்றர் அளவுதான். ஜெட் விமானத்துக்கு அது பெரிய தூரமே அல்ல. ஆனால் கனடாவில் இருந்து வருபவர்கள் வான் வண்டியில் அனுராதபுரம், வவுனியா, ஆனையிறவு என்று ஏழெட்டு மணித்தியாலம் குலுங்கி வருகிறார்கள். துபாயில் இருந்து கொழும்புக்குப் பறந்த நேரத்தைவிட இது அதிகம்!

பலாலிக்கு விமானம் புதிதல்ல. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதலாவது டகோட்டா, இரத்மலானையில் இருந்து பலாலியைத் தொட்டே சென்னைக்குப் போனது. 2019 ஒக்ரோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டு, கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் சென்னைச் சேவை மீண்டது. சென்னை 355 கிலோமீற்றர்தான். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கும் ஏரிஆர் 72 சுழலி விமானத்துக்கு முக்கால் மணித்தியாலம் போதும் என்று கணக்குச் சொல்லும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலேறுவது, இறங்கத் திசை பிடிப்பது எல்லாம் சேர, கால அட்டவணையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடுகிறார்கள். குறுந்தூரப் பறப்பில் இந்தச் சில்லறை நிமிடங்களுக்குக் கணிசமான பங்குண்டு.

மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தமிழில் தந்த சாமுவேல் கிறீன், 1847இல் அமெரிக்காவில் இருந்து பாய்க்கப்பலில் மாதக்கணக்காக வந்தவர். அவ்வளவு நீண்ட பயணம் ஒரு நாளுக்குள் சுருங்கிவிட்டது. கடைசி 290 கிலோமீற்றர் மட்டும் சுருங்கவில்லை. பலாலியில் நடுத்தர ஜெட் விமானங்கள் தாராளமாக இறங்கும்படி ஓடுபாதையை நீட்டி, கட்டுநாயக்கவுடன் இணைப்புச் சேவை தர வேண்டும். பலாலியில் இருந்து மானிப்பாய்க்கு ஓட்டோவே போதும்.