மியூசியத்தில் ஏன் 'நோ போட்டோ'? பிளாஷ் மட்டும்தான் வில்லனா?

சென்னை எழும்பூர் மியூசியத்துக்குப் போயிருக்கீங்க என்று வைத்துக்கொள்வோம். வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில், திருவாலங்காடு நடராஜர் முன்னால் நிற்கிறீர்கள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, கை தானாக போனைத் தேடும். கூடவே மனதில் ஒரு சின்னத் தயக்கம்: 'எடுக்கலாமா? யாராவது திட்டுவாங்களா?'

இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருக்கிறது. ஒரு மியூசியத்தில் தாராளமாக எடுக்கலாம், பிளாஷ் மட்டும் கூடாது. இன்னொன்றில் கேமராவுக்குத் தனி டிக்கெட். வேறொன்றில் ஒரு ஹாலில் எடுக்கலாம், அடுத்த ஹாலில் போனை உயர்த்தினாலே காவலர் ஓடி வருவார். 'என்னப்பா, ஹாலுக்கு ஒரு சட்டமா?' என்று கடுப்பாகும்.

போர்டு என்னவோ எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதற்குப் பின்னால் இருக்கும் காரணம்தான் வேறு வேறு. அது புரிந்துவிட்டால் எங்கே எடுக்கலாம், எங்கே போனைப் பையில் போட்டுவிட வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

பிளாஷ் அடிச்சா ஓவியம் அழிஞ்சிடுமா?

வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பது உண்மை. ஜன்னல் ஓரமாகத் தொங்கும் திரைச்சீலை, வெயில் படும் பக்கம் மட்டும் வெளுத்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால்தான் பழைய காகிதம், துணி, நீர்வண்ண ஓவியம் போன்றவற்றின் மேல் சுமார் 50 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் விழாமல் மியூசியங்கள் பார்த்துக்கொள்கின்றன. சில ஹால்கள் மங்கலாக இருப்பது கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க அல்ல. வெளிச்சத்தால் வரும் சேதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். போன நிறம் திரும்ப வராது.

ஆனால், இதில் ஒரு ட்விஸ்ட் இருக்கிறது. எவ்வளவு பிரகாசம் என்பதோடு, எவ்வளவு நேரம் என்பதும் கணக்கு. பிளாஷ் பளிச்சிடுவது ஒரு நொடியில் மிகச் சிறிய பங்குதான். நம் போனில் இருக்கும் எல்.இ.டி. விளக்கிலோ, நிறத்தை அதிகம் பாதிக்கும் புற ஊதாக் கதிர் கிட்டத்தட்ட இல்லை. லண்டன் நேஷனல் கேலரியில் பணியாற்றிய டேவிட் சாண்டர்ஸ் இதைப் பற்றி 1995-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 'பிளாஷ்: ஆபத்தா, தொல்லையா?' என்பதுதான் அதன் தலைப்பே. அவருடைய சோதனைகள் 'தொல்லை' என்ற பக்கமே சாய்ந்தன.

அப்புறம் ஏன் தடை? ஒரு பிளாஷ் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம். ஆனால், ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் வரும் இடத்தில் யார் கையில் எந்த கேமரா, எவ்வளவு கிட்டத்தில் அடிக்கிறார் என்று காவலரால் அளந்துகொண்டு நிற்க முடியாது. எல்லாப் பொருளும் ஒரே அளவு தாங்காது. பக்கத்தில் நின்று அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர் கண்ணிலும் அந்த வெளிச்சம் குத்தும். ரீல்ஸ் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். வீடியோவுக்காக டார்ச்சைப் போட்டுவிட்டால் அது பிளாஷ் மாதிரி அணைந்துவிடாது, எரிந்துகொண்டே இருக்கும்.

அஜந்தா ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். அவற்றில் மிகப் பழையவை சுமார் 2,000 வருடங்களுக்கு முந்தையவை. இந்தியத் தொல்லியல் துறை 2018-ல், தன் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னங்களில் போட்டோ எடுக்கலாம் என்று அறிவித்தது. அப்போதும் அஜந்தா குகைகள், லே அரண்மனை, தாஜ்மஹாலின் உள்ளே இருக்கும் கல்லறைப் பகுதி ஆகிய மூன்றுக்கு மட்டும் விலக்கு வைத்தது.

உண்மையான ஆபத்து உங்க முதுகுக்குப் பின்னாடி!

போட்டோ எடுக்கும்போது நம் கண் முழுக்க ஸ்கிரீனில் இருக்கும். காலும் முதுகும் எங்கே இருக்கின்றன என்பது நமக்கே தெரியாது. மியூசியம்காரர்களுக்குப் பிளாஷைவிட இதுதான் பெரிய பயம். காரணம் இல்லாமல் இல்லை.

2016-ல் போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் உள்ள பழங்காலக் கலை மியூசியத்தில், போட்டோவுக்காகப் பின்னால் நகர்ந்த ஒருவர், 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித மிக்கேல் சிலையைக் கீழே தள்ளிவிட்டார். 2020-ல் இத்தாலியின் பொசாஞோ ஊரில், சிற்பி கனோவா 200 வருடங்களுக்கு முன் செய்த பிளாஸ்டர் சிலை மேல் ஒரு சுற்றுலாப் பயணி போஸ் கொடுக்க உட்கார்ந்தார். சிலையின் கால் விரல்கள் உடைந்தன. 2025 ஜூனில் புளோரன்ஸ் நகரின் உஃபிஸி கேலரியில், ஓவியத்தில் இருக்கும் இளவரசர் மாதிரியே போஸ் கொடுக்கப் போனவர் தடுமாறிப் பின்னால் சாய்ந்தார். ஓவியத்தில் ஓட்டை விழுந்தது.

இவர்கள் யாரும் சிலையை உடைக்க வேண்டும் என்று வந்தவர்கள் அல்ல. நம்மை மாதிரி ஒரு நல்ல போட்டோவுக்கு ஆசைப்பட்டவர்கள்தான். ஓர் அடி பின்னால் வைத்தார்கள், அவ்வளவுதான்.

2015-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன், வாஷிங்டன் ஸ்மித்சோனியன், லண்டன் நேஷனல் கேலரி என்று பெரிய மியூசியங்கள் வரிசையாக செல்ஃபி ஸ்டிக்குக்குத் தடை போட்டதும் இதனால்தான். போட்டோவுக்குத் தடை இல்லை. நீளமான கம்பியைக் கூட்டத்துக்கு நடுவே சுழற்றுவதற்குத்தான் தடை. டிரைபாட் என்றால் பல இடங்களில் முன்கூட்டியே அனுமதி கேட்பதும் அதே கணக்கில்தான்.

படத்துக்கு ஓனர் யாரு?

சில தடைகளுக்கும் பொருளின் பாதுகாப்புக்கும் சம்பந்தமே இருக்காது. வாடிகனில் இருக்கும் சிஸ்டைன் சேப்பல் இதற்கு நல்ல உதாரணம். வாடிகன் மியூசியத்தின் மற்ற பகுதிகளில் பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். ஆனால், மைக்கேலாஞ்சலோ வரைந்த இந்த இடத்தில் மட்டும் கூடாது. 1980-ல் ஓவியங்களைச் சுத்தப்படுத்தும் வேலை தொடங்கியபோது, ஜப்பானின் நிப்பான் டெலிவிஷன் அதற்குப் பல லட்சம் டாலர் கொடுத்தது. பதிலுக்கு, புதுப்பித்த ஓவியங்களைப் படம்பிடிக்கும் உரிமை குறிப்பிட்ட காலத்துக்கு அந்த நிறுவனத்துக்கு மட்டும் என்று ஒப்பந்தம். அந்தக் காலம் 1990-களிலேயே முடிந்துவிட்டது. தடை மட்டும் இன்னும் இருக்கிறது. அது வழிபாட்டு இடம், கூட்டமும் அதிகம் என்பதால் அங்கே யாரும் அதை எடுக்கவும் அவசரப்படவில்லை.

அடுத்து காப்புரிமை. நம் நாட்டுச் சட்டப்படி, ஓவியர் மறைந்து 60 வருடங்கள் வரை அவருடைய படைப்புக்குக் காப்புரிமை உண்டு. ராஜா ரவிவர்மா 1906-ல் மறைந்தவர். அவர் ஓவியங்களுக்கு இப்போது அந்தக் கட்டுப்பாடு இல்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ்.பணிக்கர் 1977-ல் மறைந்தார்; அவருடைய படைப்புகளுக்கு 2037 வரை உரிமை இருக்கிறது. நினைவுக்காக எடுத்து போனில் வைத்துக்கொள்வது வேறு. அதையே டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பது வேறு.

வெளியூரிலிருந்து கடனாக வாங்கி வைக்கும் தற்காலிகக் கண்காட்சிகளில் இன்னும் கறாராக இருப்பார்கள். பொருளின் சொந்தக்காரர் 'போட்டோ கூடாது' என்று சொன்னால் மியூசியத்தால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்து ஹாலில் எடுக்கலாம், இங்கே கூடாது என்பதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

சில இடங்களில் சிரிக்கவே கூடாது

போலந்தில் உள்ள அவுஷ்விட்ஸ் முகாமில் நாஜிக்கள் சுமார் 11 லட்சம் பேரைக் கொன்றார்கள். இன்று அது நினைவிடமாகவும் மியூசியமாகவும் இருக்கிறது. பெரும்பாலான பகுதிகளில் போட்டோ எடுக்கலாம். ஆனால், இறந்தவர்களின் தலைமுடி குவிந்து கிடக்கும் அறையில் கூடாது. அங்கே வெளிச்சமோ காப்புரிமையோ பிரச்னை இல்லை. அது நம் ஃபீடுக்கான பின்னணி கிடையாது, அவ்வளவுதான். மக்களை ஏற்றிவந்த ரயில் தண்டவாளத்தின் மேல் பேலன்ஸ் பண்ணி போஸ் கொடுக்காதீர்கள் என்று 2019-ல் அந்த மியூசியமே சமூக வலைதளத்தில் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. கருவறை முன்னால் போனை நீட்டத் தயங்குகிறோமே, அதே தயக்கம் இங்கேயும் வரணும்.

அப்போ ரூல் மாறவே மாறாதா?

மாறும். லண்டன் நேஷனல் கேலரி 2014-ல்தான் போட்டோவுக்கான தடையைத் தளர்த்தியது. பாரிஸின் ஓர்சே மியூசியத்தில் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். அங்கே போட்டோவுக்குத் தடை இருந்த நேரம். 2015-ல் ஒரு கண்காட்சிக்கு வந்த பிரான்ஸின் கலாசார அமைச்சர் ஃப்ளர் பெலரன், ஓவியங்களைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டார். 'அமைச்சர் எடுக்கலாம், நாங்க கூடாதா?' என்று மக்கள் கேட்க, மியூசியம் தடையை விலக்கிக்கொண்டது. பாதுகாப்புக் காரணம் பலமாக இல்லாத ரூல், கேள்வி கேட்டால் மாறத்தான் செய்யும்.

அடுத்த முறை போகும்போது...

* உள்ளே நுழையும்போதே பிளாஷை 'ஆட்டோ'வில் விடாமல் 'ஆஃப்' பண்ணிடுங்க. கேமரா டிக்கெட் தனியா என்று கவுன்டரிலேயே கேட்டுக்கோங்க.
* பின்னால் நகர்ந்து ஃபிரேம் பிடிக்காதீங்க. முதலில் திரும்பிப் பாருங்க, நின்றுகொள்ளுங்க, அப்புறம் போனை எடுங்க.
* கண்ணாடிப் பெட்டி மேல் சாயாதீங்க. பையை முதுகில் மாட்டாமல் முன்பக்கம் மாட்டிக்கோங்க.
* சந்தேகமா? காவலரிடம் 'அண்ணா, இங்க எடுக்கலாமா?' என்று கேட்டுவிடுங்க. பாதி நேரம் 'எடுத்துக்கோங்க தம்பி' என்றுதான் பதில் வரும்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹெங்கெல், மியூசியத்துக்கு வந்தவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014-ல் வெளியானது. பொருளை முழுசாகப் போட்டோ எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அதை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால், ஒரு சின்னப் பகுதியை ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த மறதி வரவில்லை. காரணம், ஜூம் பண்ண வேண்டுமென்றால் எதை என்று முதலில் பார்த்தாக வேண்டும் இல்லையா?

அதனால், நடராஜர் முன்னால் நிற்கும்போது உடனே போனைத் தூக்காதீங்க. தூக்கிய கால், காலடியில் கிடக்கும் முயலகன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்க. எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ, அதை மட்டும் ஒரே ஒரு படம் எடுங்க. பிளாஷ் இல்லாமல்!