வில்லில் பேட்டரி, வரப்பில் கரண்டு

மலையும் சட்டமும் – 11

ஜாகீர்தார்களிடம் இருந்த கல்வராயன் மலை 1976-ல் அரசின் கைக்கு வந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்போது நடைமுறையில் இருந்த சட்டங்களில் அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாழ்க்கையை நேராகத் தொட்டது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம்.

இந்தச் சட்டம் பிறந்த நாளிலிருந்தே வேட்டையை அடியோடு தடை செய்துவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 1972-ல் வேட்டைக்கு லைசென்ஸ் இருந்தது. பெரிய விலங்குக்கு ஒன்று, சிறிய விலங்குக்கு ஒன்று, கண்ணி வைத்துப் பிடிக்க ஒன்று என்று வகை பிரித்திருந்தார்கள். எந்த விலங்கை வேட்டையாடலாம் என்பதோடு சட்டம் நிற்கவில்லை. எப்படி வேட்டையாடக் கூடாது என்பதற்கும் தனியாக ஒரு பிரிவு வைத்திருந்தது. அது 17-வது பிரிவு.

மோட்டார் வண்டியில் இருந்துகொண்டு சுடக் கூடாது. வண்டியால் விலங்குகளை விரட்டக் கூடாது. விஷம், வெடி, பள்ளம், சுருக்கு கூடாது. காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வரும் இடத்திலும், உப்பு நக்க வரும் இடத்திலும், அங்கே போகும் தடத்திலும் காத்திருந்து அடிக்கக் கூடாது. சூரியன் மறைந்து மறுபடி உதிக்கும்வரை வேட்டையே கூடாது. செயற்கை வெளிச்சம் பயன்படுத்தக் கூடாது. இதில் ஒரு சிலவற்றுக்கு மட்டும் தனி அனுமதியோடு விலக்கு உண்டு. எழுதியவர்கள் காட்டை அறிந்தவர்கள் என்பது வாசிக்கும்போதே தெரிகிறது. விலங்குக்குத் தப்பிக்க ஒரு வழியாவது இருக்க வேண்டும் என்ற அக்கறை அந்த வரிகளில் இருக்கிறது.

இதே அக்கறையைத்தான் அமெரிக்கா வில்லை வைத்துப் பேசுகிறது. 1911-ல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்குள் தன்னந்தனியாக வந்து சேர்ந்தார் யாஹி என்ற பழங்குடியின் கடைசி மனிதர். அவரை இஷி என்று அழைத்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப், வில் செய்யவும் அம்பு எய்யவும் அவரிடமே கற்றுக்கொண்டார். இஷி 1916-ல் காசநோயால் இறந்துபோனார். போப் 1923-ல் வில் வேட்டை பற்றி எழுதிய புத்தகம் ஒரு தலைமுறையையே அந்தப் பக்கம் இழுத்தது. 1934-ல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி வேட்டைப் பருவம் அறிவித்தது. வில்லாளி விலங்குக்கு மிக அருகே போனால்தான் எய்ய முடியும், பெரும்பாலும் விலங்கு தப்பிவிடும் என்பதால் அவருக்குக் கூடுதல் நாட்கள் கிடைத்தன.

பிறகு வில் மாறியது. 1969-ல் ஹாலஸ் ஆலன் என்பவர் கப்பி வைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 2018-ல் கார்மின் நிறுவனம், வில்லிலேயே பொருத்தி லேசரால் தூரத்தை அளந்து குறிப்புள்ளியையும் காட்டும் கருவியைக் கொண்டு வந்தது. ஐடஹோ, மொன்டானா போன்ற மாநிலங்களின் விதிகள் இத்தகைய பேட்டரிக் கருவிகளை வில்லில் பொருத்த விடுவதில்லை. போப் பெயரையும் அவர் நண்பர் யங் பெயரையும் தாங்கி 1961-ல் தொடங்கிய வில் வேட்டைச் சங்கமும் இதில் நெடுங்காலம் கறாராக இருந்தது. 2014-ல் அம்பின் வால்முனையில் ஒளிரும் சிறு விளக்கை ஏற்றுக்கொண்டது. அந்த விளக்கு குறி பார்க்க உதவாது. எய்த பிறகு அம்பையும் அடிபட்ட விலங்கையும் தேடிக் கண்டுபிடிக்கத்தான் உதவும். எனக்கு இந்தப் பிரிவினை நியாயமாகவே படுகிறது.

நம் நாட்டில் 1991-ல் சட்டத்தைத் திருத்தி வேட்டை லைசென்ஸை ஒழித்தார்கள். அது நல்ல முடிவு. லைசென்ஸோடு சேர்ந்து 17-வது பிரிவும் போய்விட்டது. வேட்டையே குற்றம் என்றான பிறகு, வேட்டை முறைக்கு விதி எதற்கு என்று எண்ணியிருக்கலாம். இன்று சட்டத்தின் பார்வையில் வில்லும் அம்பும் ஆயுதம்; வலையும் சுருக்கும் ஆயுதம்; விலங்கைக் கொல்லவோ காயப்படுத்தவோ ஏமாற்றி வரவழைக்கவோ உதவும் எந்தக் கருவியும் ஆயுதம். எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன.

கல்வராயன் மலையில் இன்று வில்லைப் பார்ப்பது அரிது. இருப்பது நாட்டுத் துப்பாக்கி. குழல் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, பால்ரஸ் குண்டைப் போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி தவறினால் அடுத்ததற்குள் முயல் மூன்று காடு தாண்டிவிடும். உண்மையில் அந்த முயலின் கதையை முடிப்பது துப்பாக்கிக்கு மேலே இருக்கும் சாமான்: நெத்தி லைட்டு. ரப்பர் பட்டையால் தலையில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும், தலை திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சம் போகும். வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் அப்படியே உட்கார்ந்துவிடும். மானும் நின்று பார்க்கும். ஓடிப் பிழைக்கப் பிறந்த உயிர் ஓடுவதை மறந்து நிற்கிறது. 1972-ல் சட்டம் பெயர் சொல்லித் தடுத்தது இதைத்தான்.

இதைவிடக் கொடியது மலையடிவாரத்தில் இருக்கிறது. கச்சிராயபாளையத்தில் இருந்து வெள்ளிமலைக்கு ஏறும் வழியெல்லாம் மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு. மரவள்ளிக் கிழங்கென்றால் காட்டுப்பன்றிக்கு உயிர். "ஒரு ராத்திரி உள்ள பூந்தா போதும் சார், பத்து மாசப் பாடு மண்ணாப் போச்சு" என்று விவசாயி சொல்வதில் மிகை எதுவும் இல்லை. அந்த ஆத்திரத்தில் சிலர் லைனில் கொக்கி போட்டு, வரப்போரம் முழங்கால் உயரத்துக்கு வெறும் கம்பி இழுத்து "கரண்டு வைக்கிறார்கள்". கறிக்காகவே வைப்பவர்களும் உண்டு.

சோலார் வேலி வேறு. அது நொடிக்கு ஒரு முறை, கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம் மட்டும் அதிர்ச்சி தரும். தொட்ட விலங்கு துள்ளி விலகிவிடும். லைன் கரண்டு விடாது. தசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பன்றி என்றும் பார்க்காது, யானை என்றும் பார்க்காது, விடிகாலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்துக் காட்டுக்காரர் என்றும் பார்க்காது. வேலி அமைப்பதைப் பதிவு செய்து முறைப்படுத்தத் தமிழ்நாடு அரசு 2023-ல் தனி விதிகளே கொண்டு வந்தது.

என் வருத்தம் தண்டனைப் பிரிவில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, முதல் அட்டவணை விலங்கென்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். மற்றவைக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்த விலங்கு செத்தது, எங்கே செத்தது என்று சட்டம் கேட்கிறது. எப்படிக் கொன்றாய் என்று கேட்பதில்லை. பகலில் நாயோடு முயல் துரத்திய மலைவாசிப் பையனும், ராத்திரி முழுக்கக் கம்பியில் கரண்டு விட்டு எது விழுந்தாலும் சரி என்று வீட்டில் தூங்கியவரும் இந்தச் சட்டத்தில் ஒரே தட்டில் நிற்கிறார்கள். மின்திருட்டு, மனித உயிர் என்று வந்தால் மற்ற சட்டங்கள் பாயும். விலங்குக்கு அந்த வேறுபாடு இல்லை.

வேட்டையைத் திறந்துவிடச் சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம்கூட, பழங்குடியினரின் மரபுரிமைகளை ஏற்கும்போது வேட்டையை மட்டும் வெளிப்படையாக விலக்கியே எழுதியது. காடு சுருங்கிவிட்ட இந்தக் காலத்தில் அதை நான் ஏற்கிறேன். 17-வது பிரிவில் இருந்த அந்தப் பாகுபாடு தண்டனைக்குள் திரும்பி வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கரண்டு, வெடி, ராத்திரி வெளிச்சம், ஸ்பீக்கரில் கவுதாரிக் குரலை ஒலிக்கவிட்டு வலை விரிப்பது ஆகியவற்றைத் தனிக் குற்றமாக்கிக் கூடுதல் தண்டனை விதிக்க வேண்டும்.

அதற்கு முன்பு விவசாயிக்குச் சேர வேண்டியதும் சேர வேண்டும். காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினரே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. மலையை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு இதனால் பயன் இல்லை. அவருக்கு வேண்டியது மானியத்தில் சோலார் வேலியும், அடுத்த நடவுக்குள் கைக்கு வரும் பயிர் இழப்பீடும்.

கச்சிராயபாளையம், சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். லைனில் இருந்து வரப்புக்குக் கம்பி இறங்கியிருப்பதைப் பார்த்தால் கிட்டே போகாதீர்கள், தொட்டுப் பார்க்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

(தொடரும்)