தகப்பன் பெயர் தேடும் பிள்ளைகள்

கொஸ்லந்தைத் தோட்டமொன்றிலே ஒரு பெண்ணை ஒருவன் கைவிட்டுச் செல்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மணம் நடைபெறவில்லை, மடியிலோ குழந்தை. அவளுக்குப் போக்கிடமே இல்லையா? உண்டு. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி அவள் நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். தகப்பன் இன்னான் என நிரூபணமானால், அப்பிள்ளைக்காக அவன் பணம் செலுத்தக் கட்டளை பிறக்கும்.

அந்தத் தகப்பன் அந்நிய நாட்டுச் சிப்பாயாக இருந்து, தன் நாடு திரும்பிவிட்டால் அவள் யாது செய்வாள்? கரீபியன் கடலிலுள்ள ஹெயிட்டி நாட்டின் தாய்மார் பலரை வாட்டும் வினா இதுவே.

அங்கே 2004 முதல் 2017 வரை ஐக்கிய நாடுகள் சபையின் அமைதி காக்கும் படை தங்கியிருந்தது. அதன் சுருக்கப் பெயர் மினுஸ்டா. காவலுக்கு வந்தோரிற் சிலர், வறுமையில் வாடிய பெண்களையும் சிறுமியரையும் உணவையும் சில்லறைக் காசையும் காட்டி வசப்படுத்தினர். பிறந்த மழலைகளுக்கு ஊரார் இட்ட பெயர் 'சின்ன மினுஸ்டா'. 2017இல் ஆய்வாளர்கள் ஏறக்குறைய 2,500 பேரிடம் அனுபவங்களைக் கேட்டறிந்தனர். அவற்றுள் 265 இத்தகைய பிள்ளைகளைப் பற்றியவை.

இஃது அயலார் கதையென்று நாம் ஒதுங்குதற்கில்லை. பல நாட்டாருடன் இலங்கைப் படையினரும் அங்கே பணிபுரிந்தனர். பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டின் பேரில், 2007 நவம்பரில் அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர்.

சிப்பாயின் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் அவனை அனுப்பிய நாட்டுக்கே உரியது. பிள்ளையைப் பராமரிக்கும் கடமை தகப்பனுடையதே என்கிறது ஐ.நா. சபை. ஆனால், அவனைத் தேடிப் பிடித்து மரபணுப் பரிசோதனை செய்வதற்கோ அவன் நாட்டின் ஒத்துழைப்பு வேண்டும். கடல் கடந்த அந்த அரசின் கதவைத் தட்ட ஏழைத் தாயால் இயலுமா? ஆயினும் 2017 டிசம்பரில் சில தாய்மார், வழக்கறிஞர் துணையுடன் ஹெயிட்டி நீதிமன்றங்களிலேயே வழக்குத் தொடுத்தனர்.

சான்றுப் பத்திரமின்மையின் துயரம் மலையகத்தாருக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தகப்பனோ தந்தைவழி மூதாதையரோ பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. அது காட்ட இயலாத நம் முன்னோர் நாடற்றோராயினர்.

ஆகவே, தாய்மார்களே, மாணவர்களே! அப்பெண்களைப் பழித்துப் பேசுவது நமக்கு அழகன்று. சிப்பாயை அனுப்பும் அரசு, அவன் தகப்பனான செய்தி வந்தால் பரிசோதனைக்கு இணங்கி, அவன் சம்பளத்திலிருந்து பிள்ளையின் பங்கைப் பெற்றுத்தரவும் வேண்டும். நம் நாட்டு அரசுக்கும் அந்தக் கடமை உண்டு.