பெரிய எண்களைக் கண்ணால் காட்டும் கலை

புள்ளிவிவரங்களில் வரும் இலட்சம், கோடி போன்ற எண்களைப் படம், சிற்பம், பொருட்குவியல் ஆகியவற்றின் வழியே காட்டி, அவற்றின் அளவை உணரச் செய்யும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தேவை

நாற்பது மாணவர் உள்ள வகுப்பை ஒரே பார்வையில் அறிந்துகொள்கிறோம். எண் பெரிதாகும்போது அந்த உணர்வு மங்கிவிடுகிறது. எழுத்தில் இலட்சத்துக்கும் கோடிக்கும் இரண்டு சுழிகளே வேறுபாடு. ஆனால் ஓர் இலட்சம் வினாடி என்பது ஏறக்குறைய 28 மணி நேரம். ஒரு கோடி வினாடி என்பது ஏறக்குறைய 116 நாள்.

முன்னோடி முயற்சிகள்

1920களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத், புள்ளிவிவரங்களைச் சிறு உருவப்படங்களால் காட்டும் முறையை வளர்த்தார். எண் கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படங்களைக் கூட்ட வேண்டும் என்பது அவர் விதி. ஒரு மனித உருவத்தின் உயரத்தை இருமடங்காக்கினால் அகலமும் இருமடங்காகும். பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றும்.

இங்கிலாந்தின் ஸ்டான்ஸ் கஃபே நாடகக் குழு, 2003 முதல் ஓர் அரிசிக்கு ஒரு மனிதர் என்ற கணக்கில் அரிசிக் குவியல்களை வைத்துக் காட்சி நடத்தியது. 2014இல் இலண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் 8,88,246 பீங்கான் பாப்பி மலர்கள் நடப்பட்டன. ஒவ்வொரு மலரும் முதல் உலகப் போரில் இறந்த, பிரித்தானியா அல்லது அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒரு படைவீரரைக் குறித்தது.

மதுரையை ஒரு தாளில் காணல்

ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள வரைபடத்தாளில் மில்லிமீட்டர் கட்டங்கள் 10,00,000 இருக்கும். 2011 கணக்கெடுப்பில் மதுரை மாநகர மக்கள்தொகை 10,17,865. கட்டத்துக்கு ஒருவர் என வைத்தால் தாள் முழுவதும் நிரம்பி, 17,865 பேர் மீதமாவர். அவர்களுக்கு, பக்கத்துக்கு 13.4 செ.மீ. உள்ள ஒரு சதுரத் துண்டு போதும்.

அந்தத் துண்டு சிறியதாகத் தோன்றும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 17,884 பேர். ஏறக்குறைய அதே துண்டுதான்.

எதை அலகாக வைப்பது?

இந்த 17,884 பேரை அரிசியால் காட்டுவோம். ஆயிரம் அரிசியின் எடை 16 கிராம் என்றால், மொத்தம் ஏறக்குறைய 286 கிராம். ஒரு சிறு பாத்திரத்தில் அடங்கிவிடும். இறந்தவருக்கு ஒரு சோடிச் செருப்பு வைப்போம். ஒரு சோடிக்கு 30 செ.மீ. நீளமும் 25 செ.மீ. அகலமும் தேவை என்றால், 1,341 சதுர மீட்டர் வேண்டும். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. அத்தகைய பத்துக் களங்களை நிரப்பிய பின்னும் செருப்புகள் மிஞ்சும்.

எண் ஒன்றே; பார்ப்பவர் பெறும் உணர்வு வேறு. ஆகவே, இத்தகைய காட்சியைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்:

1. ஓர் அலகு எத்தனை பேரைக் குறிக்கிறது?
2. ஒப்பிடப்படும் எல்லாக் குவியல்களுக்கும் அலகு ஒன்றுதானா?
3. எந்த ஆண்டு, எந்த எல்லைக்குரிய கணக்கு?

வகுப்பறையில்

தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுக் கணக்கை 365ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 49 பேர். மாணவர்கள் 49 சோடிச் செருப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம். அது ஒரு நாள் கணக்கு. மறுநாளும் அதே அளவு சேரும் என்பதை ஆசிரியர் சொல்லித் தர வேண்டும்.